காரைக்குடியில் ஓடும் ஆடி டிடிக்கு 5 லட்சம்: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: 2016 மாடல் ஆடி டிடி கார், 2.0 டிஎஃப்எஸ்ஐ (டர்போ பெட்ரோல் எஞ்சின்) குவாட்ரோ (நான்கு சக்கர ஓட்டம்), செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 48,000 கிமீ ஓடியிருக்கிறது. இருப்பது காரைக்குடி. வாரம் இரண்டு முறை திருச்சி அல்லது மதுரை, அவ்வப்போது இலுப்பைக்குடி, மாத்தூர் பக்கம் கோயில் பயணம், எப்போதாவது கொடைக்கானல், வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை சென்னை டிராக். கையில் 5 லட்சம். ஸ்டேஜ் 2 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றிச் சக்தி கூட்டுவது), டவுன்பைப் (டர்போவை அடுத்த புகைக்குழாய்), எக்ஸாஸ்ட், 19 அங்குல வீல், காயில்ஓவர் (உயரம் திருத்தக்கூடிய சஸ்பென்ஷன்), பெரிய பிரேக் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:

உங்கள் பட்டியலைக் கடைசியிலிருந்து படித்தால் ஏறக்குறைய சரியான வரிசை வந்துவிடும். அதிலும் பாதியை அடித்துவிடலாம்.

இந்த கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 230 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர். நூறைத் தொட 5.3 விநாடி. திருமயம் தாண்டி புதுக்கோட்டைச் சாலையில் இந்தச் சக்தி போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குறைவாக இருப்பது இரண்டு: ரோட்டைப் பிடிக்கும் பிடிப்பும், சூட்டை வெளியே தள்ளும் வழியும். காரைக்குடியில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடும். 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, அதனால் காற்று இன்னும் சூடாகிறது, எஞ்சின் நாக் ஆகாமல் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டாமல்) இருக்க கம்ப்யூட்டர் இக்னிஷனை, அதாவது பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கிறது. ஜெர்மனியில் எடுத்த டைனோ (சக்தி அளக்கும் கருவி) தாளில் இருக்கும் குதிரைகள் இங்கே மத்தியானம் இரண்டு மணிக்கு லாயத்தைவிட்டு வெளியே வராது. அதனால் சக்தியைக் கூட்டுகிற வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பணம் அழகில்லாத வேலைக்குப் போகட்டும். செட்டிநாட்டுப் பக்கம் விற்பனைக்கு வரும் இந்த மாதிரி கார்களில் குறைந்த கிலோமீட்டர் என்பது பல நேரம் நல்ல செய்தி இல்லை. உரிமையாளர் வெளிநாட்டில், கார் மாதக்கணக்கில் ஷெட்டில், விசேஷத்துக்கு வந்தால் மட்டும் நான்கு நாள் ஓட்டம். எண்ணெய்க்கும் கூலன்டுக்கும் ரப்பருக்கும் கிலோமீட்டரைவிட வயசுதான் கணக்கு. எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் நின்றால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் நின்ற டயரில் தட்டை விழுந்திருக்கும்.

செய்ய வேண்டியவை: எஞ்சின் ஆயில் சுமார் 5.7 லிட்டர், ஃபோக்ஸ்வாகன் 502 00 அங்கீகாரம் உள்ள 5டபிள்யூ-40. நம் வெயிலுக்கு 5டபிள்யூ-30ஐவிட இது பொருத்தம். புத்தகம் 15,000 கிமீ என்று சொன்னாலும், ரீமேப் செய்யப்போகும் காரில் 7,500க்கு மேல் இழுக்காதீர்கள். எஸ் டிரானிக் கியர்பாக்ஸ் இதில் ஆறு கியர், ஆயிலில் நனைந்து ஓடும் ஈர கிளட்ச் வகை. 60,000 கிமீக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். உங்களுடையது 48,000தான் என்றாலும் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போதே மாற்றிவிடுங்கள். சுமார் 5 லிட்டர் பிடிக்கும். அளவு பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அடியில் உள்ள குழாயில் வழிகிற இடம்தான் சரியான அளவு. ஸ்கேனரில் கியர்பாக்ஸ் சூட்டைப் பார்க்காமல் கண்மதிப்பில் ஊற்றுகிற பட்டறையில் இதைச் செய்யாதீர்கள். சூடான பெட்டியில் அளவு பார்த்தால் ஆயில் குறைவாகவே நிற்கும்.

பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் ஹால்டெக்ஸ் கிளட்ச் பலர் மறக்கும் உறுப்பு. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும், அளவு ஒரு லிட்டருக்கும் குறைவு. ஆயிலை மட்டும் மாற்றி மூடிவிடுவதுதான் வழக்கமான தவறு. உள்ளே பம்ப்பின் முனையில் ஒரு வலை இருக்கிறது. கிளட்ச் தேய்மானச் சேறு அதில் அடைத்து, பம்ப் திணறி, எரிந்துபோகும். பம்ப்பைக் கழற்றி வலையைக் கழுவச் சொல்லுங்கள். பம்ப் செத்தாலும் மீட்டரில் விளக்கு எரியாமல் போகலாம், கார் சத்தமில்லாமல் முன்சக்கர ஓட்டமாக மாறியிருக்கும். மழை பெய்த சாலையில் கிளம்பும்போது முன்டயர் மட்டும் சுழன்றால் சந்தேகப்படுங்கள்.

இந்த எஞ்சின் வகையில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு காலப்போக்கில் கசியும். இன்டேக் மேனிஃபோல்டு எனப்படும், எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதிக்குக் கீழே கியர்பாக்ஸ் பக்கம் இளஞ்சிவப்புக் கறை தெரிகிறதா பாருங்கள். இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து அதை மாற்றுங்கள். இன்னொன்று, மீட்டரில் கூலன்ட் சூடு காட்டியை நம்பாதீர்கள். உண்மையான சூடு எழுபதுகளின் கடைசியிலிருந்து நூறைத் தாண்டும் வரை காட்டி நடுவில் ஆடாமல் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் பயப்படக் கூடாது என்ற நல்லெண்ணம்! ஒரு ஓபிடி டாங்கிள் (காரின் பரிசோதனை சாக்கெட்டில் செருகும் சிறு கருவி) வாங்கி ஆயில் சூடு, கூலன்ட் சூடு, இன்டேக் காற்றின் சூடு மூன்றையும் போனில் பாருங்கள். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் இந்தக் கருவி, பட்டியலில் உள்ள எந்தப் பாகத்தையும்விட அதிகம் சொல்லித்தரும். எல்லாம் சேர்த்து இந்தப் பகுதிக்கு 1.25 லட்சம் ஒதுக்குங்கள்.

அடுத்து டயர். கார் ரோட்டோடு பேசுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் வழியாகத்தான். உங்கள் காரில் 245/40 ஆர்18 என்று எடுத்துக்கொள்கிறேன், கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 1819 என்றால் 2019ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். ஆறு வருஷம் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் அல்லது பைலட் ஸ்போர்ட் 5 தரத்தில் நான்கும் ஒரே மாதிரி போடுங்கள். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று போட்டால் ஹால்டெக்ஸுக்கும் ஆகாது. முன்பின் சுற்றளவு வித்தியாசத்தை அது சறுக்கல் என்று புரிந்துகொண்டு தேவையில்லாமல் வேலை செய்யும். வாங்கும்போது தயாரிப்பு வாரம் கேளுங்கள். இறக்குமதி டயர் குடோனில் இரண்டு வருஷம் உட்கார்ந்து வருவது சாதாரணம்.

காற்றை விடியற்காலையில், கார் நிழலில் நின்றபிறகு பிடியுங்கள். ஒவ்வொரு 5, 6 டிகிரி சூட்டுக்கும் ஒரு பிஎஸ்ஐ ஏறும். வெயிலில் ஓட்டி வந்து பங்க்கில் 'சரியாக' 34 பிடித்தால், மறுநாள் காலையில் அது 29, 30இல் நிற்கும். அந்தக் குறைந்த காற்றோடு ஒரு குழியில் இறங்கினால் ரிம் வளையும்.

ரிம் என்றதும் 19 அங்குலம். 245/35 ஆர்19 போட்டால் மொத்த விட்டம் 654 மிமீ, பழையது 653. ஸ்பீடோமீட்டருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பக்கச்சுவர் உயரம் 98 மிமீயிலிருந்து 86க்கு இறங்கும். தேவகோட்டை, கண்டனூர் உள்சாலைகளில் அந்த 12 மிமீதான் ரிம்முக்கும் குழிக்கும் நடுவே இருக்கும் மெத்தை. எடையும் பாருங்கள். சாதாரண வார்ப்பு 19 அங்குல வீல் 12, 13 கிலோ வரும். நல்ல ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) 18 அங்குலம் 9 கிலோவுக்குள் முடியும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையில் மூன்று கிலோ குறைந்தால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாது. பணம் இருந்தால் லேசான 18 வாங்கலாம், இல்லையென்றால் கம்பெனி வீலே போதும். தெருவில் கிடைக்கும் ஆடி நகல் வீல்களைத் தொடாதீர்கள். ஸ்போக் அடியில் மயிரிழை விரிசல் விட்டு ஒரு நாள் காற்றிறங்கும், அல்லது ஒரே அடியில் உடையும்.

வேறு வீல் போடுவதாக இருந்தால் மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: போல்ட் அமைப்பு 5×112, நடுத்துளை 57.1 மிமீ, போல்ட் எம்14×1.5. நடுத்துளை பெரிதான வீலுக்கு 57.1க்குக் குறைக்கும் வளையம் போட வேண்டும், இல்லையென்றால் நூறைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும், அலைன்மென்ட் கடைக்காரர் காரணம் தெரியாமல் நான்கு முறை பேலன்ஸ் செய்வார். இதைவிட ஆபத்தானது போல்ட்டின் தலைக்குக் கீழ் உள்ள வடிவம். ஆடி கம்பெனி வீலுக்கு உருண்டை வடிவம், பெரும்பாலான வெளிச்சந்தை வீலுக்குக் கூம்பு. மாற்றிப் போட்டாலும் இறுகியது போலத்தான் தோன்றும். உண்மையில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும். 120 நியூட்டன் மீட்டர் டார்க் ரெஞ்சில் இறுக்கி, 100 கிமீ ஓட்டியபின் மறுபடி பாருங்கள். ஏர் கன்னில் முறுக்கிவிட்டு அனுப்பும் கடையில் நீங்களே ரெஞ்ச் எடுத்துச்சென்று சரிபார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரேக்குக்கு வருவோம். 'பெரிய பிரேக் கிட் போட்டால் சீக்கிரம் நிற்கும்' என்பது பாதி உண்மை. ஒரு முறை அழுத்தி ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பழைய பிரேக் இப்போதே பிடிக்கிறது என்றால், அதற்குமேல் நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயர்தான். பெரிய டிஸ்க்கின் பயன், அடுத்தடுத்துப் பத்து முறை அழுத்தும்போது சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. கணக்கு இதோ. ஓட்டுநரோடு 1,400 கிலோ என்று வைத்தால், 100 கிமீ வேகத்தில் ஓடும் கார் நிற்க சுமார் 5.4 லட்சம் ஜூல் சூடாக மாற வேண்டும். 160இல் அது 13.8 லட்சம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை சுமார் 1,700 மீட்டர் இறக்கம். அந்த உயரத்தின் ஆற்றல் மட்டுமே 230 லட்சம் ஜூலைத் தாண்டும், அதாவது நூறிலிருந்து நாற்பது தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். இதில் பெரும்பங்கை எஞ்சின் இழுவையும் காற்றும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நீங்கள் எஸ் டிரானிக்கை மேனுவலில் போட்டு இரண்டு, மூன்றாம் கியரில் இறங்க வேண்டும். 'டி'யில் விட்டால் பெட்டி சிக்கனம் பார்த்து மேல் கியருக்குத் தாவும், முழுச் சுமையும் பிரேக் பேட் மேல் விழும்.

பெடல் கல்லாக இருந்து கார் நிற்காமல் வழுக்கினால் பேட் சூடேறிப் பிடிப்பை விட்டுவிட்டது. பெடல் பஞ்சாக உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. டாட் 4 தரத்துக்குப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் இழுத்த பழைய ஆயிலுக்கு 155 இருந்தாலே தரம் போதும் என்பது விதி. அந்த 75 டிகிரியைச் சாப்பிடுவது காற்றின் ஈரம், ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆகவே உயர் கொதிநிலை ஆயில், உதாரணமாக மோட்டுல் ஆர்பிஎஃப் 600, புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டித் தாங்கும். ஆனால் இந்த வகை ஈரத்தையும் சீக்கிரம் இழுக்கும், வருஷம் ஒரு முறை மாற்றியாக வேண்டும். கூடவே நான்கு ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ், சாலைக்கும் அவ்வப்போது டிராக்குக்கும் பொருந்தும் நடுத்தரப் பேட். முழு ரேஸ் பேட் வேண்டாம். சூடேறாதவரை அது பிடிக்காது, செக்காலை ரோட்டில் குறுக்கே வரும் சைக்கிளுக்காக நிற்க வேண்டியபோது சூடேற நேரம் கிடைக்காது.

புதுப் பேட் போட்டதும் பதம் பிடிக்க வேண்டும். காலியான நான்குவழிச் சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, 90இலிருந்து 20 வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை குறையுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சூடான பேட் அந்த இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிப் படிந்து, பிறகு பெடலில் துடிப்பு வரும். அதைப் பார்த்துவிட்டு 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று கடையில் தேய்ப்பார்கள். பத்து முறை முடிந்ததும் பத்து நிமிஷம் பிரேக்கே தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். இந்த மொத்த வேலைக்கும் 60,000 போதும். நான்கு லட்ச ரூபாய் பிரேக் கிட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

சஸ்பென்ஷனில் காயில்ஓவருக்கு எனக்கு ஆதரவில்லை. உயரம் குறைப்பதுதான் பெரும்பாலோர் அதை வாங்கும் காரணம். 40 மிமீ இறக்கினால் ஷாக் அப்சார்பர் அமுங்க இடமில்லாமல் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பம்ப் ஸ்டாப்பில் முட்டும், அதாவது கார் ஸ்பிரிங்கை விட்டு ரப்பர் கட்டையில் ஓடும். வெள்ளைக் கோடு போடாத ஸ்பீடு பிரேக்கர் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பழைய வீடுகளின் உயர்ந்த வாசல் சரிவில் முன் பம்பர் உதடு உரசும். அப்பத்தாவை முன்சீட்டில் ஏற்றி இறக்குவது இப்போதே ஒரு சடங்கு, இன்னும் இறக்காதீர்கள்!

இந்த கார் வளைவில் செய்யும் தவறு, முன்மூக்கு வெளிப்பக்கம் தள்ளுவது. எஞ்சின் முன்னால் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் வரும் சுபாவம். அதற்குச் செலவு குறைந்த மருந்து, தடிமனான பின்பக்க ஆன்டி ரோல் பார், அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்து கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி. பின்பக்கத்தை இறுக்கினால் வளைவில் முன்டயரின் சுமை குறைந்து மூக்கு உள்ளே திரும்பும். இரண்டு துளை உள்ள பாரில் முதலில் மென்மையான துளையில் போட்டு ஓட்டிப்பாருங்கள். மழைக்காலத்தில் கடினமான துளை வேண்டாம், பின்பக்கம் வீசும். அதோடு முன் லோயர் ஆர்ம் புஷ்களைப் பாருங்கள். எட்டு வருஷ ரப்பர் கிழிந்திருந்தால் எந்த அலைன்மென்டும் நிற்காது. நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். முன்பக்க டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யத்துக்குப் பக்கத்தில், பின்னால் கம்பெனி அளவு. முன்பக்க கேம்பருக்கு (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) இதில் பெரிய திருத்தம் கிடையாது, மேல்மவுண்ட் மாற்றினால்தான் மைனஸ் 1.5 டிகிரிக்குப் போகும். டிராக்குக்கு அடிக்கடி போகாதவர்களுக்கு அது அவசியமில்லை, முன்டயரின் உள்விளிம்புதான் தேயும். பார், புஷ், அலைன்மென்ட்: 65,000.

ஏர் ஃபில்டரில் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர், திறந்த கூம்பு இன்டேக் இரண்டும் நம் செம்மண் பூமிக்கு ஏற்றதல்ல. காற்று எளிதாகப் போகிறது என்றால் பொடியும் எளிதாகப் போகிறது என்று அர்த்தம். மிஞ்சிக் கிடைப்பது உறிஞ்சும் சத்தம். அந்தச் செம்பொடி டர்போவின் கம்ப்ரசர் இறக்கையையும் சிலிண்டர் சுவரையும் உரசும். கம்பெனிப் பெட்டியிலேயே காகித ஃபில்டர், 10,000 கிமீக்கு ஒன்று. பம்பருக்குள் தாழ்வாக மூக்கு நீட்டும் இன்டேக் இன்னும் மோசம். கண்மாய் நிறைந்து சாலையில் தண்ணீர் ஓடும் நாளில் ஒரு மடக்கு உள்ளே போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

இப்போதுதான் ரீமேப். ஸ்டேஜ் 1 என்றால் பாகம் எதையும் மாற்றாமல் எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மட்டும் மாற்றுவது. இந்த எஞ்சினில் 95 ஆக்டேன் (நாக் ஆகாமல் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோலுக்கு 280லிருந்து 300 பிஎஸ், 420 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல் வரை எதிர்பார்க்கலாம். அதற்குமேல் எண் சொல்பவரிடம் எந்த பெட்ரோலில், எந்த வெயிலில் என்று கேளுங்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100, 2020 இறுதியில் வந்தது, எல்லா ஊர்ப் பங்க்கிலும் கிடைக்காது. 100 ஆக்டேனுக்குச் செய்த ரீமேப் ஃபைலைப் போட்டுவிட்டு காரைக்குடி பங்க்கில் கிடைப்பதை ஊற்றி ஓட்டினால் எஞ்சின் நாள் முழுக்க நாக் வராமல் தடுப்பதிலேயே பொழுதைக் கழிக்கும். எத்தனால் ஆக்டேனை உயர்த்தும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதன் எரிசக்தி பெட்ரோலில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும், உயர் அழுத்த பம்ப்பின் வேலை கூடும். இங்கே கிடைக்கும் பெட்ரோலில் லாக் (ஓடும்போது எஞ்சின் தரும் எண்களின் பதிவு) எடுத்துத் திருத்தித் தருவாரா என்பதே ட்யூனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி கியர்பாக்ஸ். கம்பெனி நிரல், கம்பெனி டார்க்குக்குக் கணக்குப் போட்டுத்தான் கிளட்ச்சுக்கு அழுத்தம் கொடுக்கிறது. எஞ்சின் மட்டும் 50, 60 நியூட்டன் மீட்டர் அதிகம் தந்தால் மூன்றாம், நான்காம் கியரில் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. அது கிளட்ச் சறுக்கல். கியர்பாக்ஸ் நிரலும் சேர்த்துச் செய்தால்தான் அழுத்தம் கூடும். இரண்டும் சேர்ந்து 1.2 லட்சம் ஒதுக்குங்கள். இதற்குமுன் ஸ்பார்க் பிளக் புதிதாக, ட்யூனர் சொல்லும் ஒரு படி குளிர்ந்த வகையில். இடைவெளி 0.6 முதல் 0.7 மிமீக்குள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) கூடும்போது அகலமான இடைவெளியில் பொறி ஊதி அணைந்துவிடும், 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் குலுக்கல் வரும். பலர் அதைப் பார்த்து இக்னிஷன் காயிலை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிளக்கைக் கடைவீதியில் மலிவாக வாங்காதீர்கள், போலி அதிகம் புழங்கும் சரக்கு அது.

ஃபைல் ஏற்றிய மறுநாள் காலை ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை லாக் எடுங்கள். மூன்றாம் கியரில் 2,000லிருந்து 6,000 ஆர்பிஎம் வரை முழு ஆக்சிலரேட்டர். பார்க்க வேண்டியவை: கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், நான்கு சிலிண்டரின் இக்னிஷன் பின்வாங்கல், எரிபொருள் அழுத்தம், இன்டேக் சூடு. ஒரு சிலிண்டரில் ஒன்றிரண்டு டிகிரி அவ்வப்போது விழுந்தால் பரவாயில்லை. நான்கிலும் தொடர்ந்து நான்கைந்து டிகிரி விழுந்தால் அந்த ஃபைல் நம் வெயிலுக்கு அதிகம், குறைக்கச் சொல்லுங்கள். கேட்ட பூஸ்ட்டைவிடக் கிடைத்தது குறைவாகவே இருந்தால் எங்கோ ஹோஸ் கிளாம்ப் கசிகிறது. இன்டேக் சூடு வெளிக்காற்றைவிட 20, 25 டிகிரிக்கு மேல் ஏறி இறங்க மறுத்தால்தான் பெரிய இன்டர்கூலரை (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பற்றி யோசிக்க வேண்டும்.

அதிலும் தடிமனானதே நல்லது என்று நினைக்காதீர்கள். கானாடுகாத்தான் வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பது எதற்கு? உள்ளே வந்த காற்று வெளியே போக வழி வேண்டும். இன்டர்கூலரும் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும் இந்த காரில், நடுவே அடர்த்தியான கனத்த கட்டையைச் செருகினால் இன்டேக் குளிரும், கூலன்ட் காயும், சிக்னலில் நிற்கும்போது ஏசி சூடான காற்று ஊதும். அளவான தடிமனும் பக்கவாட்டு இடைவெளிகளை அடைக்கும் ஃபோம் பட்டையும் சேர்ந்தால் போதும்.

ஸ்டேஜ் 2 என்பது டவுன்பைப், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது அல்லது புகையைக் குறைவாகத் தடுக்கும் ஒன்றைப் போடுவது. கழற்றினால் புகைச் சான்று கிடைக்காது, எஞ்சின் விளக்கு எரியும், காருக்குள் நாற்றம் வரும். உங்கள் உபயோகத்துக்குத் தேவையே இல்லை. பின்பக்க எக்ஸாஸ்ட் மட்டும் மாற்றினால் டர்போ காரில் சக்தி கூடுவது சொற்பம். சத்தம்தான் கூடும், அதிலும் 2,000லிருந்து 2,500 ஆர்பிஎம்முக்குள், அதாவது நெடுஞ்சாலையில் நீங்கள் நிலையாக ஓட்டும் வேகத்தில், காதுக்குள் ஒரு முணங்கல் நிற்கும். இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் போன்ற வீடுகள் உள்ள தெருவில் விடியற்காலை ஐந்து மணிக்கு அதைக் கிளப்பினால் என்ன பெயர் கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ(4)இன்படி, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். சத்தம், புகை விதியை மீறினால் 190(2): 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். டயர், பேட், ஆயில், புஷ் ஆகியவை பராமரிப்புக் கணக்கில் போகும். சைலன்சரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் நேராகச் சட்டத்தில் மாட்டும். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பிரச்சினை இல்லை என்று எண்ண வேண்டாம். பெரிய விபத்தில் இன்ஷூரன்ஸ் சர்வேயர் சொல்லாத மாற்றத்தைக் கண்டால் க்ளெய்ம் சிக்கலாகும். எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்ட ரீதியாகத் துளியும் சங்கடம் வேண்டாம் என்றால் ரீமேப்பையும் விட்டுவிடுங்கள். மேலே சொன்ன மற்றவற்றை மட்டும் செய்தாலே கார் வேறு காராக இருக்கும்.

கணக்கு கூட்டினால் டயருக்கு 1 லட்சம் சேர்த்து 4.7 லட்சம். மீதி 30,000ஐச் செலவழிக்காமல் வையுங்கள், கழற்றும்போது உடையும் போல்ட், பழைய கிளிப், எதிர்பாராத சென்சார் என்று அதற்கு வேலை வரும். வெளிநாட்டிலிருந்து பாகம் தருவித்தால் இணையத்தில் பார்க்கும் விலையின் மேல் சுங்கம், ஜிஎஸ்டி, கூரியர் மூன்றும் ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் ஆன்டி ரோல் பார் போகாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாட்டாதீர்கள். பராமரிப்பும் டயரும் முடித்து ஆயிரம் கிமீ, பிறகு பிரேக், பிறகு பார், கடைசியில் நிரல். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றிவிட்டு ஒரு சத்தம் வந்தால் எதிலிருந்து என்று கண்டுபிடிக்கவே தனிச் செலவாகும்.

சென்னை டிராக், இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது, ஒரு சுற்று சுமார் 3.7 கிமீ. போகும்முன் பேட் கனம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், பிரேக் ஆயில் அந்த மாதம் மாற்றியதாக இருக்க வேண்டும். டயரில் குளிர்ந்த காற்று 31, 32இல் தொடங்கி, மூன்று சுற்று முடிந்ததும் உள்ளே வந்து அளந்து, 36, 37க்கு மேல் ஏறியிருந்தால் இறக்குங்கள். நான்கைந்து சுற்று வேகமாக ஓட்டினால் அடுத்த இரண்டு சுற்று பிரேக்கை மிதிக்காமல் ஆறவிட வேண்டும். ஆயில் சூடு 130ஐத் தொட்டால் எண்ணிக்கை பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். பிட்டில் நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் ஓடவிட்டால் டர்போவுக்கு நல்லது. பார்க்கிங் பிரேக்கைப் போடாதீர்கள், கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். 'பி'யில் போட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்முன் டயர் ஆறியபின் காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றி, இருபது வீல் போல்ட்டையும் 120க்கு மறுபடி இறுக்கிப் பாருங்கள். காரைக்குடி வந்து சேர இன்னும் சுமார் 400 கிமீ இருக்கிறது.